மரக்கட்டைக்காரர்களின் சனி, ஞாயிறு: வருவதற்கு முன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

வருடத்துக்கு இரண்டு தடவை, தை முடிந்ததும் ஒரு சனி ஞாயிறு, ஆடிக் காற்று அடங்கியதும் ஒரு சனி ஞாயிறு, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பழைய கொப்பரைக் களத்துக் கொட்டகையில் கூடுகிறோம். ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து போன் ஓயாது. எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். இதைப் படித்த பிறகும் சந்தேகம் இருந்தால் தாராளமாகக் கூப்பிடுங்கள், ஆனால் முதலில் இதைப் படியுங்கள்.

இது கண்காட்சியா, பயிற்சி வகுப்பா?

இரண்டும் இல்லை. முப்பது நாற்பது பேர் மரத்தைப் பற்றி இரண்டு நாள் பேசுவோம், அவ்வளவுதான். வருகிறவர்களில் இரண்டு ஜாதி உண்டு. தபால்தலை சேர்க்கிற மாதிரி மரத்துக்கு ஒரு கட்டை என்று சேர்த்து அடுக்கி வைக்கிறவர்கள் ஒன்று, ஸ்டூலோ கரண்டியோ அஞ்சறைப் பெட்டியோ செய்து பார்க்கிறவர்கள் இன்னொன்று. இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஆகவே ஆகாது. போன தடவை ஒருவர் பூவரசில் நல்ல வைரம் பாய்ந்த பலகை ஒன்றைக் கொண்டுவந்தார், உள்ளே சாக்லேட் நிறம். அதை அறுத்து மாதிரிக் கட்டைகளாகப் பங்கு போடுவதா, முழுசாக ஒரு பெஞ்சுக்கு விடுவதா என்று காலை டீயில் ஆரம்பித்த வாக்குவாதம் மதியச் சாப்பாடு வரை போனது. கடைசியில் ஓரத்தில் இரண்டு அங்குலம் மட்டும் அறுக்க அனுமதி கிடைத்தது.

எனக்கு உளி பிடிக்கக்கூடத் தெரியாது. வரலாமா?

வாங்க. எங்களில் பாதிப் பேர் பேங்கிலும் மில்லிலும் வேலை பார்த்துவிட்டு நாற்பது வயதில் உளியைத் தொட்டவர்கள். ஒரு பெரியவர் வருகிறார், பரம்பரைத் தச்சர், இப்போது ஓய்வில் இருக்கிறார். புதிதாக வருகிறவர்கள் கையில் ஒரு இழைப்புளியையும் ஒரு பேக்கிங் பெட்டிப் பலகையையும் கொடுத்துவிட்டு அவர் திரும்பி உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார். பார்க்கவே மாட்டார், சத்தத்தை மட்டும் கேட்பார். இழைப்புளி இழையோடு போனால் பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரே சீராக ஒரு சத்தம், சீவல் சுருள் சுருளாக வரும். இழையை எதிர்த்துப் போனால் கடகடவென்று இடறும், பலகையில் சிறு சிறு பிய்வுகள் விழும். "கண்ணு, மரம் திட்டுது பாரு, திருப்பிப் போடு" என்பார் முதுகைக் காட்டியபடியே. அரை மணி நேரத்தில் உங்களுக்கே அந்தச் சத்தம் பிடிபட்டுவிடும். உளி தீட்டுவதும் அவரிடம்தான் கற்க வேண்டும். மழுங்கின உளிதான் கையைக் கிழிக்கும், கூரான உளி சொன்னபடி கேட்கும்.

என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு கட்டை. விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, வேப்பங்கட்டை போதும். ஆனால் அது எந்த மரம், எந்த ஊர், எப்போது விழுந்தது அல்லது எந்த வீட்டை இடிக்கும்போது கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். இதில் மட்டும் நான் கறார். ஒருவர் ஒரு சாக்கு நிறையக் கட்டை கொண்டுவந்து கொட்டினார், ஒன்றுக்கும் பெயர் இல்லை, எங்கே எடுத்தது என்றும் நினைவில்லை. அவ்வளவும் அன்று சாம்பார் கொதிக்க உதவியது.

கட்டை எந்த அளவில் இருக்க வேண்டும்?

6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், அரை அங்குலக் கனம். இது நாங்கள் கண்டுபிடித்த அளவு இல்லை. 1947-இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச மரச் சேகரிப்பாளர் சங்கம் வைத்திருக்கும் அளவு. அதே அளவில் நீங்களும் செய்தால் நாளைக்கு வேறு நாட்டுக்காரர் ஒருவரோடு மாற்றிக்கொள்ளும்போதும் அலமாரியில் சரியாக உட்காரும். ஒரு பக்கத்தையாவது பாலிஷ் போடாமல் விடுங்கள். எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்தால் மோந்து பார்க்கவும் முடியாது, நுனியைச் சீவிப் பார்க்கவும் முடியாது.

இந்த அளவில் இன்னொரு வசதி உண்டு. கட்டையின் மொத்தக் கன அளவு 9 கன அங்குலம், அதாவது சுமார் 147 கன சென்டிமீட்டர். சமையலறைத் தராசில் வைத்து, வரும் கிராமை 147-ஆல் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். காய்ந்த தேக்கு 95 கிராம் பக்கத்தில் நிற்கும். கல்யாண முருங்கை 50 கிராம்கூட வராது. தராசு 147-ஐத் தாண்டினால் அந்தக் கட்டை தண்ணீரில் முழுகும், போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

ஊரில் சொல்லும் பெயர் போதாதா? தாவரவியல் பெயர் எதற்கு?

பாலை என்று ஒரு கட்டையில் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். உலக்கைப் பாலையா? அது இரும்பு மாதிரி கனக்கும், பெயரே சொல்கிறது உலக்கைக்கு ஆன மரம் என்று. வெட்பாலையா? அது தந்த நிறத்தில் வழுவழுவென்று இருக்கும், கர்நாடகத்துச் சென்னபட்டணா ஊர்ப் பொம்மைகள் கடைவது அதில்தான். ஏழிலைப் பாலையா? அது லேசான மரம், பள்ளிக்கூடச் சிலேட்டுக்குச் சட்டமும் பலகையும் செய்தார்கள், அதனால் தாவரவியல் பெயரே ஆல்ஸ்டோனியா ஸ்காலரிஸ் என்று ஆகிவிட்டது. மூன்றும் பாலைதான், மூன்றும் வேறு வேறு மரம், அதிலும் உலக்கைப் பாலை மற்ற இரண்டுக்கும் குடும்பமே வேறு. ஈட்டி என்று நாங்கள் சொல்வதை வேறு பக்கம் தோதகத்தி என்பார்கள், அது ஒரே மரம். ஊர்ப் பெயரை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டையும் எழுதுங்கள். தாவரவியல் பெயர் தெரியாவிட்டால் இலை, பூ, காய் மூன்றையும் போட்டோ எடுத்து வாருங்கள், அதற்கென்றே தலையைப் பிய்த்துக்கொள்கிற இரண்டு தாவரவியல் ஆசிரியர்கள் வருகிறார்கள்.

கட்டைகள் எங்கே கிடைக்கும்? மரம் வெட்ட வேண்டுமா?

ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டாம். நம் காடு விறகுக் கடையும், பழைய வீடு இடிக்கிற இடமும், புயலும்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் அடித்தபோது பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2016 டிசம்பரில் வர்தா சென்னைச் சாலையோர மரங்களைப் படுக்க வைத்தது. எங்களில் ஒருவர் அப்போது தெருவில் கிடந்த ஒரு தூங்குமூஞ்சிக் கிளையை, மாநகராட்சி லாரி வருவதற்குள் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். தூங்குமூஞ்சியை நம் ஊரில் ஒருவரும் மதிப்பதில்லை, பெட்டி அடிக்கவும் எரிக்கவும் போகும். ஹவாயில் அதே மரத்தைக் கடைந்து கிண்ணம் செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். உள்ளே பார்த்தால் நம்ப மாட்டீர்கள், கரும்பழுப்பும் தேன் நிறமும் கோடு கோடாக ஓடும்.

விறகுக் கடைக்காரரிடம் பேச்சு கொடுத்து வையுங்கள். புளி, வேம்பு, சீமைக்கருவேலம், கொய்யா, சப்போட்டா எல்லாம் அங்கே வரும். எடைக்கு வாங்கலாம். டிம்பர் டிப்போவில் துண்டுக் கட்டைகளை ஒரு மூலையில் குவித்திருப்பார்கள், அதுவும் நல்ல இடம்.

சந்தனம், செம்மரம், ஈட்டி கொண்டுவரலாமா?

பில்லும் அனுமதிச் சீட்டும் இல்லாமல் கேட்டுக்குள் விட மாட்டோம், ஒரு விரல் நீளத் துண்டாக இருந்தாலும். சந்தனம் சொந்தப் பட்டா நிலத்தில் இருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. செம்மரம் பெரும்பாலும் ஆந்திரத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலையில்தான் இயற்கையாக வளர்கிறது, சேஷாசலம் பக்கம். அந்தக் கட்டைக்காக எத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள் என்பது நம் வட மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் 1995 முதல் செம்மரம் இருக்கிறது. ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா இனம் மொத்தமும் 2017-இல் அதில் சேர்ந்தது. ஆகவே 'ப்ளேனில் அண்ணனுக்கு ஒரு கட்டை அனுப்பலாமா' என்று கேட்காதீர்கள்.

பழைய ஈட்டி மேஜையின் உடைந்த கால் ஒன்று தாத்தா காலத்திலிருந்து வீட்டில் கிடக்கிறது என்றால்? அதை வீட்டிலேயே வைத்து ரசியுங்கள், போட்டோ கொண்டுவாருங்கள் போதும்.

கருங்காலி மாலை அசலா என்று பார்த்துச் சொல்வீர்களா?

எப்படியும் சட்டைக்குள்ளிருந்து எடுத்து நீட்டத்தான் போகிறீர்கள், அதனால் பதில். அசிட்டோனில், அதாவது நகப் பாலிஷ் அழிக்கும் திரவத்தில், பஞ்சை நனைத்து மணியைத் துடைப்போம். பஞ்சு மை மாதிரி கறுத்தால் பெரும்பாலும் சாயம். கறுக்காவிட்டால் அசல் என்று எழுதிக் கொடுப்பீர்களா என்றால், மாட்டோம். துளை போட்டு பாலிஷ் ஏற்றிய சின்ன மணியில் இழை பார்ப்பது கஷ்டம். தவிர, கருங்காலி என்ற பெயரிலேயே சிக்கல் இருக்கிறது. கன்னங்கரேலென்று இருக்கும் டயோஸ்பைரஸ் மரமும் கருங்காலிதான், சித்த மருந்துக் கடையில் கருங்காலிக்கட்டை என்று செந்நிறமாகத் தருகிற, வேல இனத்தைச் சேர்ந்த மரமும் கருங்காலிதான். நீங்கள் எதை நினைத்து வாங்கினீர்கள், அவர் எதை நினைத்து விற்றார், அது உங்கள் இருவருக்கும் இடையில்.

பெயர் தெரியாத கட்டையை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

நிறத்தை வைத்து இல்லை. நிறம் ஏமாற்றும். பலாவை இன்றைக்கு அறுத்தால் மஞ்சள் பொடி மாதிரி இருக்கும், சில வருடம் வெளிச்சத்தில் வைத்தால் தேக்கோடு போட்டி போடும் பழுப்பாகிவிடும். நுனி முகத்தை, அதாவது இழை வந்து முடிகிற குறுக்கு வெட்டுப் பக்கத்தை, புது பிளேடால் ஒரே இழுப்பாகச் சீவி, லேசாக ஈரம் தடவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். துளைகள் தெரியும். தேக்கில் அந்தத் துளைகள் வளையம் போட்ட மாதிரி வரிசையாக நிற்கும், வளையத்துக்கு வளையம் பளிச்சென்று பிரியும். மாமரத்தில் துளைகள் அங்கங்கே சிதறிக் கிடக்கும். பிறகு மணம், கனம், நகத்தால் கீறினால் எவ்வளவு இறங்குகிறது என்பது.

வேங்கைக்கு மட்டும் ஒரு விளையாட்டு இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் செய்து காட்டுவோம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை வேங்கைச் சீவல் போடுங்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் டீத்தண்ணி நிறமாகும். இதில் என்ன என்று கேட்பீர்கள். டம்ளரை வெயிலில் தூக்கிப் பிடித்து, பின்னால் கறுப்புத் துணி வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள், ஓரத்தில் நீலம் மினுங்கும். பழுப்புத் தண்ணீரில் நீலம் எங்கிருந்து வந்தது என்று பெரியவர்களே குழந்தை மாதிரி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு வேங்கை டம்ளரில் தண்ணீர் குடிக்கலாமா என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை, டாக்டரைக் கேளுங்கள்.

கோவைக்காரர்கள் வருவதற்கு முன் ஒருநாள் வனக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். 1902-இல் தொடங்கியது, மர மாதிரிகளும் குறுக்கே அறுத்த பெரிய வட்டங்களும் அங்கே இருக்கின்றன. உள்ளூரிலேயே இருந்துகொண்டு போகாதவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பனையும் தென்னையும் சேருமா?

சேரும், ஆனால் தனி அலமாரி. மற்ற மரத்தில் வைரம் உள்ளே, பனையில் வைரம் வெளியே. பழைய ஓட்டு வீட்டுப் பனங்கையைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள், வளையமே இருக்காது, கறுப்பு நார்கள் புள்ளி புள்ளியாக, வெளி ஓரத்தில் நெருக்கமாக, உள்ளே போகப் போகச் சோறு மாதிரி. தொல்காப்பியத்து மரபியலில் இது இருக்கிறது, காழ் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். காழ் என்றால் வைரம்தான். தாவரவியல்காரர்களும் பனையைப் புல்லின் பக்கம்தான் வைக்கிறார்கள், ஒருவித்திலை என்று. ஒன்று எச்சரிக்கை, பனங்கையை வெறுங்கையால் தடவாதீர்கள். அந்தச் சிராய் ஊசி மாதிரி இறங்கும், எடுக்க ஒரு சாயங்காலம் ஆகும்.

வீட்டில் பச்சைக் கட்டையை வைத்தேன், வெடித்துவிட்டது. ஏன்?

எல்லாருக்கும் வெடித்திருக்கிறது. மரம் நுனி வழியாகத்தான் வேகமாகக் காயும், பக்கவாட்டில் மெதுவாக. நுனி சுருங்கப் பார்க்கும், உள்ளே இருப்பது இன்னும் ஈரமாக விறைத்து நிற்கும், விரிசல் விடாமல் வேறு வழி இல்லை. அது போதாதென்று மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. அதனால்தான் முழு உருட்டுக் கட்டையில் கேக் வெட்டின மாதிரி ஒரு பிளவு கட்டாயம் வரும். நடுத்தண்டு வழியாக இரண்டாகப் பிளந்துவிட்டால் பாதித் தொல்லை போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான். அறுத்த அன்றே, நாளைக்கு இல்லை, அன்றே, இரண்டு நுனியிலும் மெழுகை உருக்கித் தடவுங்கள், மீந்துபோன பெயிண்ட் இருந்தாலும் போதும். பலகைகளுக்கு நடுவே ரீப்பர் துண்டு வைத்து அடுக்குங்கள். நிழல் வேண்டும், காற்று வேண்டும், வெயில் கூடாது. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நம் ஊர்ச் சூட்டில் லேசான மரங்கள் அதற்கு முன்பே காய்ந்துவிடும், புளி மாதிரி அடர்ந்த மரம் அதற்கு மேலும் இழுக்கும். வாரம் ஒரு தடவை எடை போட்டு எழுதுங்கள். தொடர்ந்து நாலு வாரம் எடை மாறவில்லை என்றால் காய்ந்தது என்று அர்த்தம். மழைக்காலத்தில் கொஞ்சம் ஏறும், பயப்பட வேண்டாம்.

உளுத்த கட்டையைக் கொண்டுவரலாமா?

வேண்டவே வேண்டாம். நான்தான் அந்தத் தப்பைச் செய்தவன். மாங்கட்டை ஒன்று, அடியில் மாவு மாதிரி கொஞ்சம் பொடி, தட்டிவிட்டுக் கொண்டுவந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து மூன்று பேர் வீட்டு அலமாரியில் பொடி. வண்டு வெளிமரத்தில், அதாவது வைரத்தைச் சுற்றியிருக்கும் பகுதியில், இருக்கும் மாவுச்சத்துக்காகத் துளையில் முட்டை வைக்கிறது, புழு உள்ளேயே தின்று, பிறகு வண்டாகி ஊசி முனை அளவு ஓட்டை போட்டு வெளியே வருகிறது. நாம் ஓட்டையைப் பார்க்கும்போது தாமதமாகிவிட்டது. மா, ரப்பர், வாகையின் வெளிமரம் போன்றவற்றைப் பச்சையாக இருக்கும்போதே போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் ஊற வைத்துக் காய வைக்கலாம். வைரப் பகுதியில் இந்தத் தொல்லை குறைவு.

பேக்கிங் பெட்டிப் பலகையில் கரண்டி செய்யலாமா?

முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்று இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்திருக்கும். 'எம்.பி.' என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அது சமையலறைக்கு ஆகாது. பெட்டியில் என்ன ஏற்றி வந்தார்கள் என்பதும் தெரியாது, ஆகவே நான் கரண்டிக்கு எடுக்க மாட்டேன். கரண்டிக்கு வேம்பு, பலா, புளி இருக்கும்போது பெட்டிக்கட்டை எதற்கு? எட்டி மரத்தில் மட்டும் அடுப்படிச் சாமான் செய்யாதீர்கள், அந்த விஷம் தெரிந்த விஷயம்.

மின் கருவிகள் உண்டா?

ஒரு கடைசல் மெஷின், ஒரு பேண்ட் ரம்பம். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடக் கூடாது. வேட்டி, துப்பட்டா, தொங்கும் கயிறு, முழுக்கை, மோதிரம் எதுவும் கடைசலுக்கு அருகில் வரக் கூடாது. மாஸ்க் கொண்டுவாருங்கள். தேக்குத் தூள்கூடச் சிலருக்கு அரிப்பும் தும்மலும் தரும்.

ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். இது கதை இல்லை. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும், கசங்கிய துணிக்குள் சூடு போக வழியில்லாமல் தானாகவே பற்றும். எங்கள் கொட்டகையிலேயே ஒரு பிளாஸ்டிக் வாளியிலிருந்து புகை வந்தது, சுற்றிலும் இழைப்புச் சுருள். துணியை விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

விலைக்கு மரம் வாங்க முடியுமா?

கூட்டத்தில் விற்பனை கிடையாது. டிப்போவில் வாங்குவதற்குக் கணக்கு மட்டும் சொல்லித் தருவோம். உருட்டு மரத்தைச் சுற்றளவில் கால் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 4 அடிச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் கால் பங்கு 1 அடி, ஒன்றை ஒன்றால் பெருக்கி 10-ஆல் பெருக்கினால் 10 கன அடி. உண்மையான கன அளவு 12.7-க்குச் சற்று மேல். மிச்சம் பட்டையிலும் அறுப்பிலும் போகிறது என்று விட்டுக் கொடுத்த கணக்கு இது. அறுத்த சட்டத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே நீளம், அகலம், கனம்தான். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு விலை ஒப்பிட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

டாப்ஸ்லிப் போவோமா?

ஞாயிறு காலை விருப்பமிருப்பவர்கள் போவார்கள். மலை உச்சியிலிருந்து தேக்குக் கட்டைகளைச் சரிவில் உருட்டிவிட்ட இடம், பெயரும் அதிலிருந்து வந்ததுதான். வெட்டித் தீர்த்த காட்டில் மறுபடி தேக்கை வளர்த்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை அங்கே இருக்கிறது. ஆளின் பெயரிலேயே மரம். அது புலிகள் காப்பகம், கீழே விழுந்த சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது. சட்டைப் பையில் ஒரு விதை வைத்திருந்தாலும் நான் கோபித்துக்கொள்வேன்.

பிள்ளைகளை அழைத்து வரலாமா?

வரலாம். பேண்ட் ரம்பம் இருக்கும் பக்கம் கயிறு கட்டியிருப்போம். உப்புத்தாள் தேய்க்கிற வேலையைப் பிள்ளைகள் பெரியவர்களைவிடப் பொறுமையாகச் செய்கிறார்கள், 80-ஆம் நம்பரில் தொடங்கி 120, 180, 240 என்று.

தங்குமிடம், சாப்பாடு?

கொட்டகையில் பாய். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. கட்டில் வேண்டுமென்றால் பொள்ளாச்சியில் லாட்ஜ் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுச் செலவை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொள்வோம், வேறு கட்டணம் இல்லை.

கடைசியில் கட்டைகளை எப்படி மாற்றிக்கொள்கிறீர்கள்?

ஞாயிறு மதியம் களத்தில் தார்ப்பாய் விரித்து எல்லாக் கட்டைகளையும் சீட்டோடு வைப்போம். எத்தனை வைத்தீர்களோ அத்தனை எடுத்துக்கொள்ளலாம், முதல் தடவை வருகிறவர்கள் முதலில். தேக்கு எப்போதும் கடைசியில்தான் போகும், எல்லாரிடமும் இருக்கிறது. போன தடவை முதலில் போனது வேலூரிலிருந்து ஒரு அம்மா கொண்டுவந்த இலந்தைக் கட்டை. மாமியார் வீட்டுக் கிணற்றடி மரம், ரோடு போட வெட்டிவிட்டார்கள் என்று சீட்டில் எழுதியிருந்தார். எடுத்துக்கொண்ட பையன் சீட்டையும் கேட்டு வாங்கிக் கட்டையின் பின்னால் ஒட்டிக்கொண்டான்.